டிராயிங்கில் ஜி.டி. அண்ட் டி. பயன்படுத்துவது எப்படி: ஒரு பேரிங் கவரை வைத்து முழுமையான வழிகாட்டி

பார்ட்டின் எல்லா அளவும் எல்லைக்குள் இருக்கிறது, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டிலும் குறை இல்லை. ஆனால் அசெம்பிளியில் போல்ட் இறங்க மாட்டேன் என்கிறது, அடித்து இறக்கினால் ஆயில் சீல் ஒரு பக்கமாகத் தேய்ந்து கசிகிறது. இப்படி நடக்கும்போது பழி முதலில் மெஷின் ஆபரேட்டர் மேல்தான் விழும். பல நேரம் கோளாறு டிராயிங்கில் இருக்கும். பிளஸ்-மைனஸ் டாலரன்ஸ் ஒரு அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்று சொல்லும். அந்த அளவை எந்த முகத்திலிருந்து எடுக்க வேண்டும், பார்ட் எதன் மேல் உட்காருகிறது, எது அதை மையப்படுத்துகிறது என்பதெல்லாம் அதில் வராது. அதைச் சொல்வதற்காக வந்ததுதான் ஜியோமெட்ரிக் டைமென்ஷனிங் அண்ட் டாலரன்ஸிங், சுருக்கமாக ஜி.டி. அண்ட் டி.

குறியீடுகளை ஒரு மாலையில் படித்துவிடலாம். 1994, 2009 பதிப்புகளில் அமெரிக்க ஸ்டாண்டர்டான ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.5-இல் 14 குறியீடுகள் இருந்தன. 2018 பதிப்பில் 12. டேட்டத்தை, அதாவது அளவுகளை எடுக்க அடிப்படையாக வைக்கும் முகத்தை அல்லது அச்சை, தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டமான வேலை. டேட்டம் தப்பாகிவிட்டால் மற்ற எல்லாம் சரியாகப் போட்டும் பயன் இல்லை. அதனால் இங்கே குறியீட்டுப் பட்டியலிலிருந்து தொடங்காமல், ஒரே ஒரு பார்ட்டை எடுத்து அதன் டிராயிங்கை முதலிலிருந்து போடுவோம்.

சதுரமும் வட்டமும்

அதற்கு முன் ஒரு கணக்கு. ஒரு துளையின் மையத்துக்கு இரண்டு திசையிலும் ±0.2 கொடுத்தால், மையம் இருக்கக்கூடிய இடம் 0.4 பக்கமுள்ள ஒரு சதுரம். துளை சரியாக அந்தச் சதுரத்தின் மூலையில் விழுந்தால் உண்மையான இடத்திலிருந்து 0.283 மி.மீ. விலகியிருக்கும், ஆனாலும் பாஸ். இன்னொரு துளை ஒரே திசையில் 0.25 விலகியிருந்தால் ரிஜெக்ட். கூடுதலாக விலகியது பாஸ், குறைவாக விலகியது ரிஜெக்ட்! போல்ட் வட்டமானது, எந்தத் திசையில் விலகினாலும் அதற்கு ஒன்றுதான். மூலையில் 0.283 பரவாயில்லை என்றால் எல்லாத் திசையிலும் 0.283 பரவாயில்லை. அப்படியானால் 0.566 விட்டமுள்ள வட்டத்தையே மண்டலமாகக் கொடுக்கலாம். அந்த வட்டத்தின் பரப்பு சதுரத்தைவிட 57 சதவீதம் அதிகம்.

ஸ்காட்லாந்தின் அலெக்சாண்ட்ரியாவில் இருந்த ராயல் டார்பிடோ ஃபேக்டரியில் வேலை பார்த்த ஸ்டான்லி பார்க்கர்தான் 1930-களின் கடைசியில் இந்த யோசனையை எடுத்து வைத்தவர். ஜி.டி. அண்ட் டி. என்றாலே டாலரன்ஸை இறுக்குவது, செலவைக் கூட்டுவது என்று ஒரு பயம் உண்டு. அது தொடங்கியதோ, நல்ல பார்ட்டைத் தூக்கிப் போடாமல் இருப்பதற்காக.

நம் பார்ட்

ஒரு பம்ப்பின் பேரிங் ஹவுசிங்கை மூடும் வார்ப்பிரும்பு கவர். பின்பக்கம் தட்டையான முகம், அது ஹவுசிங் முகத்தில் உட்காரும். அந்த முகத்திலிருந்து 6 மி.மீ. நீளத்துக்கு 80 மி.மீ. விட்டமுள்ள ஸ்பிகாட் (உருளை வடிவ மேடு) ஒன்று எழும்பி ஹவுசிங் போருக்குள் (கடைந்த பெரிய துளைக்குள்) போகும். நடுவில் ஆயில் சீலுக்கு 52 மி.மீ. போர். 110 பி.சி.டி.-யில் (துளைகளின் மையங்கள் விழும் வட்டத்தின் விட்டம்) நான்கு எம்8 போல்ட்டுக்கு 9 மி.மீ. துளைகள். போல்ட் துளைகள் இருக்கும் விளிம்பான ஃபிளாஞ்சின் தடிமன் 12. ஹவுசிங் பக்கம் எம்8 டேப் போட்ட (உள்ளே மரை வெட்டிய) துளைகள்.

படி 1: பார்ட் எப்படி உட்காருகிறது என்று பாருங்கள்

கேட் (CAD) மென்பொருளில் டாலரன்ஸ் கட்டளையைத் தொடுவதற்கு முன், அசெம்பிளியைக் கையில் எடுத்து (அல்லது மனதில் ஓட்டி) மூன்று கேள்வி கேளுங்கள். இது முதலில் எதன் மேல் உட்காருகிறது? அப்புறம் எது இதைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிறது? கடைசியாக, இது சுற்றாமல் எது நிறுத்துகிறது?

நம் கவர் முகத்தில் உட்காருகிறது. அது டேட்டம் 'ஏ'. முகம் ஹவுசிங்கைத் தொட்டவுடன் முன்-பின் நகர்வு ஒன்று, சாய்வு இரண்டு ஆக மூன்று சுதந்திரங்கள் போய்விட்டன. ஸ்பிகாட் போருக்குள் போனதும் பக்கவாட்டு நகர்வு இரண்டும் போய்விடும். அது டேட்டம் 'பி'. மிச்சம் இருப்பது அச்சைச் சுற்றிய சுழற்சி மட்டும். நான்கு துளைகளும் ஒரே சீராக இருப்பதால் அந்தச் சுழற்சியைப் பற்றி இப்போதைக்குக் கவலை இல்லை. கவரில் எண்ணெய் வடியும் துளை போல, எப்போதும் கீழே இருக்க வேண்டிய ஒன்று இருந்தால் அதற்கு மட்டும் ஒரு போல்ட் துளையை டேட்டம் 'சி' ஆக்கிக்கொள்ளலாம். தேவை இல்லாத இடத்தில் மூன்று டேட்டம் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இங்கே பலர் தடுமாறுவது ஒன்று உண்டு. ஸ்பிகாட்தானே மையப்படுத்துகிறது, அதை 'ஏ' ஆக்கினால் என்ன? 80 மி.மீ. விட்டமும் வெறும் 6 மி.மீ. நீளமும் உள்ள ஸ்பிகாட்டால் பார்ட்டின் சாய்வைக் கட்டுப்படுத்த முடியாது. போல்ட்டை முறுக்கியதும் முகம்தான் ஜெயிக்கும். அந்த இடத்தில் 100 மி.மீ. நீளமுள்ள ஸ்லீவ் இருந்திருந்தால் நிலைமை மாறும்; அப்போது அச்சு முதல் டேட்டம், முகம் இரண்டாவது. டிராயிங்கில் எழுத்துகளின் வரிசை என்பது பார்ட்டைப் பொருத்தும் வரிசை. 'ஏ, பி' என்பதும் 'பி, ஏ' என்பதும் ஒரே பார்ட்டில் வேறு வேறு அளவைக் காட்டும்.

படி 2: டேட்டத்தையே முதலில் சீராக்குங்கள்

உட்காரும் முகம் ஆடினால், நாற்காலியின் கால் ஆடுவது போலத்தான், அதன் மேல் எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது. ஆகவே 'ஏ' முகத்துக்கு ஃபிளாட்னஸ் (தட்டைத்தன்மை) 0.05. ஃபிளாட்னஸுக்கு டேட்டம் எழுத்து வராது. ஒரு முகம் தன்னளவில் எவ்வளவு தட்டை என்பது மட்டுமே கேள்வி. ஃபிளாட்னஸ் ஃபிரேமில் (குறியும் டாலரன்ஸும் டேட்டம் எழுத்தும் எழுதும் கட்டங்களில்) 'ஏ' என்று போட்டு வரும் டிராயிங் இன்னும் கண்ணில் படுகிறது. அப்படிப் போட்டவர் நினைத்தது பேரலலிசமாக (இன்னொரு முகத்துக்கு இணையாக இருப்பது) இருக்கும்.

அடுத்து ஸ்பிகாட். இது 'ஏ' முகத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். எவ்வளவு கொடுப்பது? ஸ்பிகாட் விட்டம் 80.000 முதல் 79.970 வரை, ஹவுசிங் போர் 80.000 முதல் 80.030 வரை என்று வைத்துக்கொள்வோம். ஷாப்பில் வழக்கமாகப் போடும் எச்7 (பொருத்தத்துக்கான ஸ்டாண்டர்டு வகுப்பு) எல்லைகள்தான். இப்போது யாராவது பெர்பெண்டிகுலாரிட்டி (செங்குத்துத்தன்மை) ⌀0.03 என்று போட்டுவிட்டால், 80.000 விட்டமுள்ள ஸ்பிகாட் 0.03 சாய்ந்தும் இருக்கலாம் என்று ஆகிறது. முகம் உட்கார்ந்த நிலையில் அது 80.030 இடத்தை அடைக்கும். போர் 80.000-இல் இருந்தால் நுழையாது. இரண்டு பார்ட்டும் டிராயிங்படி சரி, ஆனால் சேராது.

இதற்கு அழகான தீர்வு, எம்.எம்.சி.-யில் பூஜ்ஜியம்: ⌀0, பக்கத்தில் வட்டத்துக்குள் 'எம்'. எம்.எம்.சி. என்றால் பார்ட்டில் உலோகம் அதிகபட்சமாக இருக்கும் நிலை. ஸ்பிகாட்டுக்கு அதன் பெரிய விட்டம், துளைக்கு அதன் சின்ன விட்டம். ஸ்பிகாட் 80.000-இல் இருந்தால் சாய்வு கூடாது. 79.980-க்கு இறங்கினால் 0.02 சாயலாம். 79.970 என்றால் 0.03. எந்த நிலையிலும் 80.000-ஐத் தாண்டி இடம் பிடிக்காது, எனவே கண்டிப்பாகப் பொருந்தும். பூஜ்ஜியம் என்ற எண்ணைப் பார்த்து ஆபரேட்டர் மிரண்டு போகலாம். அவரிடம் இதை ஒரு தடவை விளக்கிவிடுங்கள். முகத்தையும் ஸ்பிகாட்டையும் ஒரே செட்டிங்கில், சக்கிலிருந்து கழற்றாமல் கடைந்தால் இந்தச் செங்குத்து தானாகவே வந்துவிடும்.

படி 3: இடத்தைப் பெட்டிக்குள் எழுதுங்கள்

110 பி.சி.டி., துளைகளுக்கு இடையே 90 டிகிரி. இந்த இரண்டு எண்ணையும் செவ்வகப் பெட்டிக்குள் போடுங்கள். இதுதான் பேசிக் டைமென்ஷன். இதற்கு பிளஸ்-மைனஸ் கிடையாது, டைட்டில் பிளாக்கில் இருக்கும் பொது டாலரன்ஸும் இதைத் தொடாது. துளை இருக்க வேண்டிய கணித இடத்தை மட்டும் அது சொல்கிறது. எவ்வளவு விலகலாம் என்பது ஃபிரேமில் வரும். பொசிஷன் (துளையின் இடத்துக்கான டாலரன்ஸ்) போட்டுவிட்டு 110 ±0.2 என்றும் எழுதினால் ஒரே விஷயத்துக்கு இரண்டு சட்டம். இன்ஸ்பெக்டர் எதைப் பிடித்துக்கொள்வார்?

படி 4: துளைக்கு எவ்வளவு கொடுக்கலாம்

இதை யாரும் ஊகிக்க வேண்டாம், கணக்கு இருக்கிறது. போல்ட் ஒரு பக்கம் டேப்பில் இறுகி நிற்கும் இந்த வகை இணைப்பில், துளையின் மிகச் சின்ன விட்டத்திலிருந்து போல்ட்டின் மிகப் பெரிய விட்டத்தைக் கழித்தால் வருவதை இரண்டு பார்ட்டும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். துளை 9.0 முதல் 9.2 வரை, போல்ட் 8.0. மிச்சம் 1.0. கவருக்கு 0.5, ஹவுசிங்குக்கு 0.5. டேப் துளையை இடத்தில் போடுவது சிரமம் என்று ஷாப் சொன்னால் கவருக்கு 0.4, ஹவுசிங்குக்கு 0.6 என்றும் பிரிக்கலாம். கூட்டுத்தொகைதான் முக்கியம். இரண்டு பக்கமும் டேப் இல்லாமல் போல்ட்-நட் என்றால் பங்கு பிரிக்கத் தேவை இல்லை, ஒவ்வொரு பார்ட்டுக்கும் முழு 1.0 கிடைக்கும்.

கவரில் எழுத வேண்டிய ஃபிரேமை இடமிருந்து வலமாகப் படித்தால் இப்படி இருக்கும்: பொசிஷன் குறி ⌖, அடுத்த கட்டத்தில் ⌀0.5, அதே கட்டத்தில் வட்டத்துக்குள் 'எம்', அப்புறம் 'ஏ', அப்புறம் 'பி' மற்றும் வட்டத்துக்குள் 'எம்'. அதாவது: துளை அதன் சின்ன விட்டத்தில் இருக்கும்போது, முகத்தில் உட்கார்த்தி ஸ்பிகாட்டால் மையப்படுத்திய நிலையில், அதன் அச்சு 0.5 விட்ட உருளைக்குள் இருக்க வேண்டும்.

⌀ குறியை மறந்தால் மண்டலம் உருளையாக இராது, இரண்டு தளங்களுக்கு இடைப்பட்ட பட்டையாகிவிடும்.

ஹவுசிங் டிராயிங்கில் இன்னொன்றும் சேர வேண்டும். டேப் துளை கொஞ்சம் சாய்ந்தால், அதில் இறுகும் போல்ட் வெளியே வரவர இன்னும் அதிகமாக விலகும். துளைக்குள் இருக்கும் அச்சை மட்டும் பார்த்தால் பாஸ். போல்ட் மாட்டினால் கவரின் துளை விளிம்பில் இடிக்கும். அதனால் ஹவுசிங்கின் பொசிஷன் ஃபிரேமில் வட்டத்துக்குள் 'பி' (டேட்டம் எழுத்தான B அல்ல, P) போட்டு 12 என்று எழுதுங்கள். அதுதான் புரொஜெக்டட் டாலரன்ஸ் ஸோன். மண்டலம் ஹவுசிங் முகத்துக்கு மேலே, கவர் ஃபிளாஞ்சின் தடிமன் அளவுக்கு நீளும். டேப் துளைகளில் மிக அதிகமாக விட்டுப்போவது இதுதான்.

படி 5: சீல் போருக்கு வேறு மனநிலை

போல்ட் துளைக்கு எம்.எம்.சி. கொடுத்தோம், காரணம் அங்கே பொருந்தினால் போதும். சீல் போரில் விஷயம் வேறு. ஷாஃப்ட் நடுவில் சுற்றுகிறது, சீல் உதடு சுற்றிலும் ஒரே அழுத்தத்தில் தொட வேண்டும். போர் பெரிதாக இருக்கிறது என்பதற்காக மையம் விலகலாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே பொசிஷன் ⌀0.1, 'ஏ', 'பி'. எங்கும் 'எம்' கிடையாது. ஸ்பிகாட்டை மையமாக வைத்துச் சுற்றி போரில் டயல் போட்டால் முழுச் சுற்றில் முள் 0.1-க்கு மேல் ஆடக் கூடாது (போர் ஓவல் இல்லை என்று வைத்துக்கொண்டால்). மையம் 0.05 விலகினால் டயல் 0.1 காட்டும், அதனால்தான் எண் பொருந்துகிறது.

பழைய டிராயிங்குகளில் இந்த இடத்தில் கான்சென்ட்ரிசிட்டி (மையம் ஒன்றாக இருப்பது) இருக்கும். ஏ.எஸ்.எம்.இ. 2018 பதிப்பில் அதையும் சிமெட்ரியையும் எடுத்துவிட்டார்கள். அளப்பதற்குச் சிரமமான கட்டுப்பாடு அது. பெரும்பாலானவர்கள் அதைப் போட்டுவிட்டு ரன்-அவுட்டைத்தான் (பார்ட்டைச் சுற்றும்போது டயல் முள் ஆடும் அளவு) அளந்து வந்தார்கள். சுற்றும் பார்ட்டுக்கு ரன்-அவுட், சுற்றாத பார்ட்டுக்கு பொசிஷன். புது டிராயிங்கில் இந்த இரண்டே போதும்.

வார்ப்பின் வெளிப்புறத்துக்கு ஒரே ஒரு சர்ஃபேஸ் புரொஃபைல் 1.5 போட்டு நகருங்கள். வடிவம் இருக்க வேண்டிய கோட்டுக்கு இரு பக்கமும் 0.75. அங்கே ஒவ்வொரு ரேடியஸுக்கும் தனி டாலரன்ஸ் தேடுவது வீண்.

அளக்கும் மேசையில்

இப்போது ஒரு பீஸ் வந்திருக்கிறது. ஒரு துளை குறுக்கே 0.18, நெடுக்கே 0.21 விலகியிருக்கிறது. துளை விட்டம் 9.12. இரண்டு விலகலின் வர்க்கங்களையும் கூட்டினால் 0.0765, வர்க்கமூலம் 0.277. இரண்டால் பெருக்க வேண்டும், ஏனென்றால் டாலரன்ஸ் விட்டத்தில் இருக்கிறது, நாம் கண்டது ஆரம். 0.553. டிராயிங்கில் 0.5, ரிஜெக்ட்டா?

இல்லை. துளை சின்ன விட்டமான 9.0-ஐவிட 0.12 பெரிது. அந்த 0.12 போனஸ். அனுமதி 0.62 ஆகிறது, பீஸ் பாஸ். போல்ட் தாராளமாக நுழையும். வட்டத்துக்குள் ஒரு 'எம்' எழுதாமல் விட்டிருந்தால் இந்த நல்ல பீஸ் ஸ்கிராப் பெட்டிக்குப் போயிருக்கும்.

நிறைய பீஸ் வருகிற வேலை என்றால் ஒரு ஃபங்ஷனல் கேஜ் செய்துகொள்ளுங்கள். 80.000 போர் உள்ள தட்டு, அதில் 110 பி.சி.டி.-யில் 8.5 விட்டமுள்ள நான்கு பின்கள். 9.0-லிருந்து 0.5-ஐக் கழித்தது அந்த 8.5. கவரை வைத்து அழுத்தும்போது முகம் முழுதாக உட்கார்ந்தால் பாஸ். போனஸ் கணக்கை கேஜ் தானாகவே பார்த்துக்கொள்ளும். துளை விட்டத்தை மட்டும் தனியாக கோ, நோ-கோ பிளக் கேஜில் பார்க்க வேண்டும், கேஜ் அதைச் சொல்லாது.

சி.எம்.எம்.-இல் (புள்ளி புள்ளியாகத் தொட்டு அளக்கும் கோஆர்டினேட் மெஷரிங் மெஷின்) அளப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'ஏ' முகத்தில் நெருக்கமாக மூன்று புள்ளி எடுத்துவிட்டு டேட்டம் முடிந்தது என்று போகாதீர்கள். ஹவுசிங் அந்த முகத்தின் உயரமான புள்ளிகளில்தான் உட்காரும். முகம் முழுவதும் பரவலாகப் புள்ளி எடுத்தால்தான் அதற்கு நெருக்கமான தளம் கிடைக்கும்.

எந்த ஸ்டாண்டர்டு என்று எழுதாத டிராயிங்

டைட்டில் பிளாக்கில் ஏ.எஸ்.எம்.இ.-யா, ஐ.எஸ்.ஓ.-வா என்று எழுதியே ஆக வேண்டும். குறியீடுகள் பார்க்க ஒன்று போலவே இருப்பதால் இதை அலட்சியம் செய்கிறார்கள். அமெரிக்க வாடிக்கையாளருக்கும் ஜெர்மன் வாடிக்கையாளருக்கும் ஒரே கூரையின் கீழ் பார்ட் செய்யும் கோவை, ஓசூர் ஷாப்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை.

வித்தியாசத்துக்கு ஒரு ஷாஃப்ட்டைப் பாருங்கள். சென்டர்லெஸ் கிரைண்டிங்கில் சில சமயம் ஷாஃப்ட் வட்டமாக வராமல் மூன்று மடலாக வந்துவிடும். மைக்ரோமீட்டரை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் அதே விட்டம்தான் காட்டும். அதே ஷாஃப்ட்டை ரிங் கேஜில் விட்டுப் பார்த்தால் போகாது. ஏ.எஸ்.எம்.இ.-யில் விட்டத்துக்கான எல்லை வடிவத்தையும் சேர்த்தே கட்டுப்படுத்தும், எம்.எம்.சி. அளவில் உள்ள கச்சிதமான உருளையை அந்த ஷாஃப்ட் மீறினால் ரிஜெக்ட். ஐ.எஸ்.ஓ.-வில் வேறு எதுவும் எழுதவில்லை என்றால் இரண்டு புள்ளிக்கு இடையிலான அளவு மட்டும்தான் சட்டம். இந்த மூன்று மடல் ஷாஃப்ட் பாஸ். ஐ.எஸ்.ஓ. டிராயிங்கில் அதே பாதுகாப்பு வேண்டுமென்றால் அளவுக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஈ' போட வேண்டும். நம் ஸ்பிகாட்டுக்கும் இது தேவை.

வெளியிடும் முன்

டேட்டம் முக்கோணம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். 80 விட்டத்தின் டைமென்ஷன் கோட்டுக்கு நேராக இருந்தால் டேட்டம் அச்சு. கொஞ்சம் தள்ளி, பரப்பின் மேல் இருந்தால் டேட்டம் அந்தப் பரப்பு. அரை சென்டிமீட்டர் நகர்ந்தால் பொருளே மாறும். 'எம்' வட்டம் விட்டம், அகலம் போன்ற அளவு உள்ளவற்றுக்கு மட்டும். தட்டை முகத்துக்கோ ரன்-அவுட்டுக்கோ போட்டிருந்தால் அழியுங்கள். ஒரே துளைக்கு பொசிஷன் 0.5 கொடுத்து, பெர்பெண்டிகுலாரிட்டி 0.6 கொடுத்திருந்தால் இரண்டாவது வெறும் மை. பொசிஷனே சாய்வை 0.5-க்குள் பிடித்துவிட்டது. அதைவிடச் சின்னதாக இருந்தால்தான் அதற்கு வேலை.

அப்புறம் டிராயிங்கைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஷாப்புக்குப் போங்கள். கடைபவரிடம், எந்த முகத்தைப் பிடித்துக் கடைவீர்கள் என்று கேளுங்கள். இன்ஸ்பெக்டரிடம், சர்ஃபேஸ் பிளேட்டில் எந்த முகத்தை வைப்பீர்கள் என்று கேளுங்கள். இன்ஸ்பெக்டர் 'ஏ' என்று சொல்லாவிட்டால் டிராயிங் அவருக்குப் புரியவில்லை, அல்லது நீங்கள் தேர்ந்தெடுத்த முகத்தில் பார்ட் நிலையாக நிற்காது. கடைபவர் வேறு முகத்தைச் சொன்னால், அந்த முகத்துக்கும் 'ஏ'-க்கும் நடுவே வரும் பிழையை எந்த டாலரன்ஸ் தாங்கப் போகிறது என்று அங்கேயே நின்று கணக்குப் போடுங்கள். தாங்கவில்லை என்றால் ஃபிக்ஸ்சரை மாற்றச் சொல்லிக் கேட்பதற்கு அதுதான் நேரம். வார்ப்புக்கு ஆர்டர் போன பிறகு கேட்டால் யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.